கைலி மூட்ட வந்தவர்

போன வருஷம் பெருநாளுக்கு முந்தின வாரம். கடையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர் இரண்டு கைலிகளை மேஜையில் வைத்து, "மூட்டிக் குடுங்க பாய், இருந்தே வாங்கிட்டுப் போறேன்" என்றார். கைலி மூட்டுவது ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் கோட்டுக்குக் கோடு, கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டும். ஒரு நூல் விலகினாலும் இடுப்பில் கட்டும்போது தெரிந்துவிடும். நான் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "புயலிலே ஒரு தோணி பத்தி மூணு வாரம் பேசுனீங்கள்ல. எங்க அத்தா பினாங்கு சூலியா தெருவுல பதினாலு வருஷம் கடையில நின்னவங்க."

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூர் சபுராளிகளின் ஊர். பர்மா, மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பிழைத்தவர்கள் நாங்கள். சுற்றுவட்டாரத்தில் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். இங்கே சிறிய வாசகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவே கூடுவோம், இருபது பேர் வந்தால் அதிகம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் 140 பேர். எழுதுவது பத்துப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்றே தெரியாது. 'சும்மா இருக்கிற பேரையெல்லாம் எடுத்துடலாம் பாய்' என்று ஒருமுறை பேச்சு வந்து, நானும் தலையாட்டியிருக்கிறேன். அப்படி எடுத்திருந்தால் போயிருக்கக்கூடிய பெயர்களில் இவருடையதும் ஒன்று.

'புயலிலே ஒரு தோணி'யை எழுதிய ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர். 1972-ல் வெளிவந்த அந்த நாவலில் மேடானும் பினாங்கும் போர்க்காலமும் வருகின்றன. நாங்கள் ஊரை விட்டு நகராமல் அதைப் பற்றி விவாதம் செய்துகொண்டிருந்தபோது, அந்தத் தெருவின் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஒரு மனிதர் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் படிக்கிறாராம்.

"ஏன் ஒரு வரிகூட எழுதலை?" என்று கேட்டேன்.

உடனே பதில் வரவில்லை. கைலியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "எட்டாவதோட கப்பலேறினவன் பாய். தமிழ்ல அடிச்சா நூத்தியெட்டுப் பிழை வரும். அங்கே வாத்தியார்மாரெல்லாம் இருக்காங்க." பிறகு இன்னொன்று சொன்னார்: "வேலை முடிஞ்சு ராத்திரிதான் பார்ப்பேன். ஏதாவது சொல்லலாம்னு நெனைக்கிறப்ப பேச்சு எங்கேயோ போயிருக்கும். முடிஞ்சுபோன பேச்சை எதுக்குக் கிளறணும்னு விட்டுடுவேன்."

எங்கள் வட்டத்துக்கு வரும் கல்லூரிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்றாள். ஜென்னி பிரீஸ், பிளேர் நொன்னெக்கி என்ற ஆய்வாளர்கள், டோரின் ஆண்ட்ரூஸ் என்பவரோடு சேர்ந்து, இணையக் குழுக்களில் படிக்க மட்டும் செய்கிறவர்களிடம் காரணம் கேட்டு 2004-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள், படிப்பதே தங்களுக்குப் போதுமாக இருந்தது என்றார்களாம். முதலில் இந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றவர்கள் பத்தில் மூன்று பேர். என்னை உலுக்கியது அடுத்த காரணம்: ஐந்தில் ஒருவருக்கும் மேல், தாங்கள் பேசாமல் இருப்பதே குழுவுக்கு உதவி என்று நினைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒருவர் சொன்னதையே நாமும் சொல்லி ஏன் இடத்தை அடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்! குழு பிடிக்காததால் பேசவில்லை என்றவர்கள் மிகச் சிலர்தான். நாமோ எல்லா மௌனத்தையும் அலட்சியம் என்று கணக்கெழுதிவிடுகிறோம்.

நானும் அந்த மௌனத்தில் இருந்தவன்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். கதவுப் பக்கம், கடைசி பெஞ்சு. கூட்டம் பாதி நடக்கையில், "புதுசா ஒருத்தர் வந்திருக்கார், எழுந்து உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். இருபது முகம் ஒரே நேரத்தில் திரும்பியது. நான் பேரைச் சொன்னேன், தொழிலைச் சொன்னேன், அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் இரண்டு வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. புத்தகம் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

என்னை மீட்டது ஒரு கிழிந்த புத்தகம். நூலகத்தில் நாளிதழ் பார்த்துவிட்டுக் கிளம்பிய என்னை நூலகர் அம்மா கூப்பிட்டார். "பாய், நீங்க டெய்லர்தானே? இந்தப் புத்தகம் முதுகு விட்டுப்போச்சு. தைச்சுத் தர முடியுமா?" வீட்டுக்கு எடுத்துப் போனேன். தாள்களைத் தட்டி ஒன்றாக்கி, குத்தூசியால் ஐந்து துளை போட்டு, நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்துக் கோணி ஊசியில் கோத்துத் தைத்தேன். மைதாப் பசை காய்ச்சி, கடையில் மிச்சமிருந்த கனத்த காடாத் துணியை முதுகில் ஒட்டினேன். திருப்பிக் கொடுத்தபோது இன்னும் நான்கு புத்தகங்களை எடுத்து வைத்தார். தைக்கிற சாக்கில் ஒவ்வொன்றையும் படித்தேன். படித்ததில் ஒன்றைப் பற்றி ஒரு நாள் அவரிடம் ஏதோ கேட்டேன். "ஞாயித்துக்கிழமை இதைத்தான் பேசப்போறோம், வாங்க" என்றார். போனேன். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. தைக்க வேண்டிய புத்தகம் மட்டும் மேஜையில் எனக்காகக் காத்திருக்கும்.

தொழில் தெரிந்தவனுக்கு இப்படி ஓரத்தில் இருந்தே உள்ளே வருவது புதிதில்லை. பன்னிரண்டு வயதில் காஜாப் பையனாக உட்கார்ந்தவன் நான். முதல் ஆறு மாதம் பிசிறு வெட்டுவது, நூல் கோப்பது, டீ வாங்கிவருவது. பிறகு பட்டன், காஜா, எமிங். மிஷினில் உட்கார ஒன்றரை வருஷம் ஆயிற்று. கத்தரியைக் கையில் கொடுக்க மூன்று வருஷம். அதுவரை உஸ்தாது துணியில் சாக்கட்டியால் கோடு போடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா? நான் எடுத்த காஜா இல்லாமல் ஒரு சட்டையும் கடையை விட்டுப் போகவில்லை.

ஜீன் லேவ் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1970-களில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், வாய், கோலா என்ற இனங்களின் தையற்காரர்களோடு இருந்து இதையேதான் பார்த்திருக்கிறார். அங்கேயும் பையன்கள் பட்டனிலும் கடைசி வேலையிலும் தொடங்கி, பிறகு தையலுக்குப் போய், கடைசியில்தான் வெட்டக் கற்கிறார்கள். உடுப்பு உருவாகும் வரிசைக்கு நேர் தலைகீழ். 1991-ல் எட்டியன் வெங்கர் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், ஓரத்தில் இருப்பதும் உரிமையுள்ள பங்கெடுப்புத்தான் என்று அதை விளக்கினார். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் கடந்து யாரோ என் பன்னிரண்டு வயதைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

ஓரத்தில் நிற்பவரைத் தேடிப் போவதில் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், 1931-ல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி நடமாடும் நூலகம் தொடங்கினார். நூலகப் படியேறக் கூச்சப்படும் உழவரை நினைத்துப் பாருங்கள். கால் சேறு, சட்டையில்லாத உடம்பு. அவரிடம் 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல் வண்டி அவர் தெருவுக்கே போயிற்று. அதே வருஷம்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வந்தன. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர், புதிதாக வரும் வாசகரைக் கைப்பிடித்து நூலகத்துக்குப் பழக்குவதைத் தனியான ஒரு பணியாகவே வகுத்துவைத்தார். வந்தவர் தானே கேட்கட்டும் என்று காத்திருப்பது அவருக்கு உடன்பாடில்லை.

சிங்கப்பூர்க்காரர் போன பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றினோம். பேர் எடுக்கும் பேச்சை விட்டோம். பிழை திருத்துகிற நண்பர் ஒருவரிடம் தனியாகச் சொல்லி, குழுவில் யாருடைய எழுத்தையும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவர் வருத்தப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். முடிந்துபோன பேச்சு என்று ஒன்று இல்லை, எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எந்த நாளும் சொல்லலாம் என்று முகப்பில் எழுதிவைத்தோம். தட்டச்சு வராதவர்கள் குரலில் பேசி அனுப்பலாம் என்றோம். இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு அவரிடமிருந்து பதினோரு நிமிஷக் குரல் பதிவு வந்தது. அத்தா கடையில் நின்றது, அரிசி கிடைக்காத ஜப்பான்காரன் காலம், ஊருக்குக் கடிதம் வராத வருஷங்கள். நடுவில் இரண்டு இடத்தில் குரல் நின்று, பின்னால் ஏதோ ரயில் கடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று நான் எண்ணவில்லை.

புதிதாக யாராவது நேரில் வந்தால் இப்போது எழுந்திரிக்கச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பார். பேசப்போகும் புத்தகத்தின் படி ஒன்று கைக்கு வரும். டீ கொடுக்கும்போது நான் பேரைக் கேட்டு வைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதற்காக அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். போகும்போது ஏதாவது ஒரு சின்ன வேலை. வருகைப் பதிவேட்டை அலமாரியில் வைப்பது, அடுத்த வாரத் தலைப்பைப் பலகையில் எழுதுவது.

லெட்சுமாங்குடியிலிருந்து ஒரு தங்கச்சி ஐந்து மாதமாக வருகிறது. கதவுப் பக்கம்தான் உட்காரும். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. போன ஞாயிறு நான் போனபோது மேஜையில் அட்டை விட்டுப்போன புத்தகம் ஒன்று இருந்தது. தாள்களை வரிசையாக அடுக்கி, காணாமற்போன பக்கங்களின் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி மேலே செருகி வைத்திருந்தது அந்தப் பெண். கோணி ஊசியை எடுத்துக் கோத்தேன். தாள்கள் நழுவாமல் அது மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.