லாரி ஊர்ல சைக்கிளுக்கு ஏது வழி? வாய்க்கால் கரையில இருக்கு!

நாமக்கல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முட்டை, ஆஞ்சநேயர், லாரி. இதுல மூணாவதுதான் நம்ம பிரச்னை. திரும்பின பக்கமெல்லாம் லாரிக்கு பாடி கட்டுற பட்டறை. திருச்செங்கோடு பக்கம் போனா, ஊர் ஊரா போய் போர் போடுற ரிக் வண்டிகள் வரிசை கட்டி நிக்கும். போதாக்குறைக்கு, ஸ்ரீநகர்ல கிளம்பி கன்னியாகுமரியில முடியுற என்.ஹெச். 44, நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை, சேலம், நாமக்கல் வழியாத்தான் போகுது. இந்த ஊர்கள்ல நிம்மதியா சைக்கிள் மிதிக்க எங்கே போறது?

சைக்கிள் பிரியர்கள்கிட்ட கேட்டா ஏற்காடு, கொல்லிமலைனு சொல்வாங்க. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. காலுக்குத் தெம்பு இருக்கிறவங்க தாராளமா போகட்டும். ஆனா, ப்ளஸ் டூ முடிச்சதோட சைக்கிளை ஓரங்கட்டிட்டு, 40 வயசுல டாக்டர் சொன்னார்னு திரும்ப ஏறி உட்கார்ற ஒருத்தருக்கு மலை எதுக்கு? மேடு பள்ளம் இல்லாத, முதுகுக்குப் பின்னாடி ஏர் ஹாரன் அலறாத ரோடு கிடைச்சா போதும். அப்படிப்பட்ட ரோடு இந்தச் சமவெளியில நிறையவே இருக்கு. கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த ரோட்டுல லாரிக்கு என்ன வேலை? சேகோ பேக்டரிக்கும் கோழிப்பண்ணைக்கும் போற ரோடு எவ்வளவு குறுகலா இருந்தாலும் அங்கே கிழங்கு லோடு வரும், தீவன லோடு வரும். வாய்க்காலை ஒட்டிப் போற ரோட்டுல அந்த வேலை கம்மி. ஒரு பக்கம் தண்ணி, மறு பக்கம் வயல். பேக்டரி கட்ட இடம் கிடைக்காது, ரோட்டை அகலமாக்கவும் இடம் கிடைக்காது.

இன்னொரு லாபமும் இருக்கு. பாசன வாய்க்கால்ல தண்ணி தானா ஓடணும். அதுக்காக நிலத்தோட மட்டத்தைப் பார்த்துப் பார்த்து, வளைஞ்சு வளைஞ்சு வெட்டியிருப்பாங்க. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு சில பத்து சென்டிமீட்டர் இறங்கினாலே தண்ணி ஓடிடும். அப்போ, அதை ஒட்டியே போற பாதையும் அவ்வளவுதானே ஏறி இறங்கும்? கியர் இல்லாத சைக்கிளே போதும். வீட்டுல பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல கொடுத்த விலையில்லா சைக்கிள் இருந்தா, அதுக்கு பிரேக் கட்டையை மட்டும் மாத்திட்டுக் கிளம்பிடலாம்.

முதல்ல நாமக்கல் மாவட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூட்டைச் சொல்லிடுறேன். ஜேடர்பாளையத்துல காவிரியின் குறுக்கே பழைய தடுப்பணை ஒண்ணு இருக்கு. பக்கத்துலேயே பூங்கா, வறுத்த மீன் கடைகள்னு ஞாயித்துக்கிழமை திருவிழாக் கூட்டம்தான். அங்கிருந்துதான் ராஜவாய்க்கால் கிளம்புது. அதோட போக்குலேயே ஆறு வலது பக்கம் வர்ற மாதிரி கிழக்கே மிதிச்சா பிலிக்கல்பாளையம், பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்தி வேலூர்னு ஊர்கள் வரும். வேலூரைத் தாண்டி நஞ்சை இடையாறு, பாலப்பட்டி, கடைசியா மோகனூர். மொத்தம் 35-லிருந்து 40 கி.மீ. நின்னு நிதானமா போனாலும் அரை நாள்ல முடிஞ்சிடும்.

இந்த ரூட்டுல கண்ணை விட மூக்குக்குத்தான் வேலை அதிகம். பிலிக்கல்பாளையம் சுத்துவட்டாரத்துல கரும்பாலைக் கொட்டகைகள் இருக்கு. கொப்பரையில பாகு காயுற வாசம், அடுத்த கொட்டகை வர்ற வரைக்கும் கூடவே வரும். வெல்ல ஏலம் நடக்கிற ஊர் இது. அதனால ஏல நாள்ல மட்டும் மினி லாரிகள் நடமாட்டம் இருக்கும், பார்த்துக்கோங்க. பொத்தனூர், வேலூர்ப் பக்கம் வந்துட்டா வெத்தலைக் கொடிக்கால். அகத்தி மரத்துல கொடியைப் படர விட்டு, உள்ளே வெயில் விழாத மாதிரி நெருக்கமா வெச்சிருப்பாங்க. பக்கத்துல போகும்போதே காத்து குளிரும். வெள்ளைக்கொடி எது, கற்பூரி எதுனு கேட்டா சந்தோஷமா விளக்குவாங்க. அனுமதி கேக்காம உள்ளே மட்டும் நுழைஞ்சிடாதீங்க. செருப்புக்காலோட கொடிக்காலுக்குள்ள போறதைப் பலர் விரும்ப மாட்டாங்க.

இந்த ரூட்டுல ஒரே ஒரு கண்டம், வேலூர்ல என்.ஹெச். 44-ஐத் தாண்டுறது. பொத்தனூர் ஒரு பக்கம், மோகனூர் இன்னொரு பக்கம், நடுவுல ஹைவே. அங்கே வீராப்பு வேண்டாம். இறங்கி, தள்ளிக்கிட்டே தாண்டுங்க.

சேலம் மாவட்டக்காரங்களுக்கு பூலாம்பட்டி. மேட்டூர்ல இருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரைனு ரெண்டு கால்வாய் பிரியுது. ரெண்டும் சேர்ந்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்கள்ல 45,000 ஏக்கருக்குத் தண்ணி கொடுக்குது. வழக்கமா ஆகஸ்ட் 1-ம் தேதி திறந்து டிசம்பர் பாதியில அடைப்பாங்க. உங்க சைக்கிள் சீஸனும் அதேதான். பூலாம்பட்டியில கதவணை தண்ணியைத் தேக்கி வெச்சிருக்கிறதால காவிரி ஏரி மாதிரி அசையாம நிக்கும். 'குட்டி கேரளா'னு ரீல்ஸ் போட்டே ஊரைப் பிரபலமாக்கிட்டாங்க. அக்கரையில ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. நடுவுல விசைப்படகு ஓடுது. பைக்கையே ஏத்திக்கிறாங்க, சைக்கிள் எம்மாத்திரம்? ஊர் பேர்ல இருக்கிற அந்த நெருஞ்சி முள்தான் நம்ம டியூபுக்குப் பரம எதிரிங்கிறது தனிக்கதை. பஞ்சர் கிட் இல்லாம வாய்க்கால் மேட்டுல இறங்காதீங்க. நெருஞ்சிக்குத் தப்பினாலும் சீமைக்கருவேல முள் விடாது.

சேலம் டவுன்லயே இருக்கீங்க, இவ்வளவு தூரம் முடியாதுன்னா பனமரத்துப்பட்டி போதும். ஒரு காலத்துல சேலத்துக்கே குடிதண்ணி கொடுத்த ஏரி, ஜருகுமலை அடிவாரம், வழியெல்லாம் அரளித் தோட்டம். விடியும்போது பூப்பறிக்கிற நேரம், அப்பவே போயிடுங்க.

உங்க ஊர்ல நீங்களே ரூட் பிடிக்கணும்னா மைல்கல்லோட தலையைப் பாருங்க. மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. ரெண்டையும் தவிர்க்கலாம். ஆரஞ்சு கலர் தெரிஞ்சா, அது 2000-ல ஆரம்பிச்ச பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோடு. சைக்கிளைத் திருப்புங்க. மேப் ஆப் காட்டுற குறுக்கு வழியை முழுசா நம்பாதீங்க. பைக்குக்கு நல்ல வழின்னு அது சொல்ற இடம் பல சமயம் யாரோட தோட்டத்துலயாவது போய் முடியும். டீக்கடையில கேளுங்க. "வாய்க்கா மேட்டையே புடிச்சுப் போங்க சாமி"னு ஒரு குரல் வந்தா, ரூட் ரெடி.

நேரமும் முக்கியம். காலையில 5.30-ல இருந்து 8 மணி வரைக்கும் ரோடு உங்களோடது. எட்டு மணிக்கு மேல ஸ்கூல் வேனும் மில் பஸ்ஸும் கிராம ரோட்டுலதான் பறக்கும். அறுவடை மாசத்துல சோளக்கதிர், எள்ளு, கொள்ளுச் செடியெல்லாம் ரோட்டுலேயே காயப்போட்டிருப்பாங்க. அதுமேல பிரேக் பிடிச்சா சறுக்கும், இறங்கிப் போயிடுங்க. சித்திரை வெயில்ல வீரம் காட்ட வேண்டாம். நுங்கு சாப்பிடணும்னா பஸ்ல போய்ச் சாப்பிட்டுக்கலாம்.

இதெல்லாம் நம்ம ஊர் அதிசயம் கிடையாது. வட பிரான்ஸ்ல அந்தக் காலத்துல சரக்குப் படகைக் குதிரை கட்டி இழுத்துட்டுப் போன கால்வாய்க் கரைகளைத்தான் இப்போ சைக்கிள் பாதையாக்கி இருக்காங்க. லண்டன் – பாரிஸ் சைக்கிள் வழியை 2012-ல திறந்தப்போ, பிரான்ஸ் பக்கம் ரயில் நின்னுபோன பழைய தடத்தையும் அதுல சேர்த்தாங்க. கரையும் தடமும் ஏற்கெனவே இருந்ததுதான். புதுசா வந்தது பேரும், வழி காட்டுற போர்டும், மோட்டார் வண்டி நுழையாம தடுக்குற கம்பமும்.

நம்ம வாய்க்கால் ரோட்டுக்கு அந்த மூணுமே கிடையாது. போர்டு இல்லாததால கூட்டம் வரலை, அதனாலதான் அமைதியா இருக்கு, உண்மைதான். ஆனா பேர் இல்லாத பாதைக்காக யார் பேசுவாங்க? ஹைவேயில நெரிசல்னா இந்த ரோட்டை பைபாஸ் ஆக்குறது ரொம்ப சுலபம். அப்படி ஒரு முடிவு எடுக்கும்போது 'இதுல சைக்கிள் போகுது'னு எந்தக் காகிதத்துலயும் எழுதியிருக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் போற நமக்கு வேற ரோடு கிடைச்சிடும். தினமும் காலையில ஸ்கூல் பையை கேரியர்ல வெச்சு மிதிக்கிற ப்ளஸ் ஒன் பொண்ணுக்கும், பால் கேனைத் தொங்கவிட்டு சொசைட்டிக்குப் போறவருக்கும் இது ஒண்ணுதான் ரோடு. இந்த ஏரியாவுல கிராம சபைக் கூட்டம் நடக்கும்போது வேகத்தடையும் கனரக வண்டிக்குத் தடையும் கேட்டு ஒரு மனு கொடுக்கலாம். அந்த ஊர்க்காரங்க கேட்டாத்தான் எடுபடும். நீங்க அந்த ஊர்க்காரரா இருந்தா கேளுங்க.

மோகனூர் வந்து சேர்ந்ததும் ரெண்டு வழி. 2013-ல ஓட ஆரம்பிச்ச சேலம் – கரூர் ரயில் பாதையில மோகனூர் ஒரு ஸ்டேஷன். ரயில்கள் குறைவு, டைம் பார்த்துக்கோங்க. சைக்கிள் ஏத்த முடியுமானு முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது. காலில் இன்னும் பலம் இருந்தா, காவிரிப் பாலத்துல ஏறி எதிர்க்கரை வாங்கலுக்குப் போங்க. அந்தக் கரையிலயும் வாய்க்கால் இருக்கு.