முப்பத்தாறு வயதில் கம்பி எண்ணப் போனேன்

“மேடம், எனக்கு நாற்பத்தொன்று முடியப்போகுது. இனிமே ஸ்ட்ரக்சுரல் பக்கம் வர முடியுமா?”

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் டிசைன் அலுவலகத்துக்கு இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் மூன்று ரகம். ஓஎம்ஆரில் ஐடி வேலை போனவர்கள். பி.இ. சிவில் முடித்து, கல்யாணம் ஆனதும் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டிய பெண்கள். வருடக்கணக்கில் சைட் சூப்பர்வைசராக வெயிலில் நின்று அலுத்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். வரலாம், ஆனால் எந்த வாசல் வழியாக என்று முதலில் முடிவு செய்யுங்கள். கல்லூரியிலிருந்து நேரே வரும் பையனின் வாசல் வேறு, நம்முடையது வேறு.

நான் 1992இல் சிவில் டிப்ளமோ முடித்தவள். டிராயிங் போர்டில் டிரேசிங் ஷீட்டை ஒட்டி, ராட்ரிங் பேனாவால் கோடு போட்டு, தப்பான கோட்டை பிளேடால் சுரண்டிய காலம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். முப்பத்தாறு வயதில் திரும்பி வந்தபோது போர்டு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பையன் முதல் வாரம் ‘ஆன்ட்டி’ என்றான். பீமின் மேல் கம்பி காலத்துக்குள், அதாவது தூணுக்குள், எவ்வளவு தூரம் போய் மடங்க வேண்டும் என்று அவனுடைய டிராயிங்கில் நான் காட்டிக்கொடுத்த பிறகு ‘அக்கா’ என்றான்.

சுமை இறங்கும் வழி

வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் வரைகிறார். அது நிற்பது எங்கள் பொறுப்பு. பத்தடிக்குப் பதின்மூன்றடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் போடும் 5 அங்குல கான்கிரீட் தளம் மட்டுமே ஏறக்குறைய 3.8 டன். ஆட்கள், கட்டில், பீரோ என்று சதுர மீட்டருக்கு 200 கிலோ சேர்க்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. அது இன்னொரு 2.4 டன். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். இவ்வளவும் தளத்திலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து காலத்துக்கு, காலத்திலிருந்து அஸ்திவாரத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு இறங்க வேண்டும். இந்த வழியில் எங்கும் தடங்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில்.

மேலிருந்து வரும் சுமையோடு பக்கவாட்டில் வருவதும் உண்டு. சென்னைக்கு விதி சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிலநடுக்க வரைபடத்தில் 2002இல் நாம் மூன்றாம் மண்டலத்துக்கு மாறினோம். அதற்கு முன்பு இரண்டாம் மண்டலம். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தக் காலங்களை மட்டும் விட்டு, மேலே சுவரெழுப்பிக் கட்டியவை. இன்று சேலையூரிலும் பம்மலிலும் பழைய தனி வீடுகளை இடித்து எழும் ஃபிளாட்டுகளின் அமைப்பும் அதுதான். அப்படிக் கட்டுவதில் தவறில்லை. கீழ்த்தளக் காலங்களுக்கு அதற்குரிய பலம் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஒரே அலுவலகத்தில் பல வேலை

‘ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்’ என்றால் கணக்குப் போட்டுக் கையெழுத்திடுகிற ஒருவர் என்று வெளியே நினைக்கிறார்கள். உள்ளே வந்தால் வேலைகள் தனித்தனி.

முதலாவது டீட்டெயிலிங். எந்தக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைவது. இதோடு ஒட்டியது பிபிஎஸ் என்று சைட்டில் எல்லோரும் சொல்லும் கம்பிப் பட்டியல்; கம்பி எத்தனை, என்ன நீளம், என்ன எடை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. பழைய டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது. நானும் இதில்தான் நுழைந்தேன்.

இரண்டாவது, ஈடேப்ஸ், ஸ்டாட் புரோ போன்ற மென்பொருளில் கட்டடத்தை மாதிரியாக்கி அலசுவது. ஐடியிலிருந்து வருகிறவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் திரையில் வரும் எண் நம்பத்தக்கதா என்று பேப்பரில் தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாதவருக்கு அந்த மென்பொருள் ஆபத்து.

மூன்றாவது சைட் சரிபார்ப்பு. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பியையும் செண்ட்ரிங்கையும் பார்ப்பது. காலத்துக்கு 40 எம்எம் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? காலத்தின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனை 135 டிகிரி உள்ளே மடங்கியிருக்கிறதா? சாதாரணமாக 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுவார்கள். கட்டடம் குலுங்கும்போது அந்த ரிங் பிரிந்துகொள்ளும், காலத்தின் கம்பிகள் வெளியே பிதுங்கும். சூப்பர்வைசராக இருந்தவருக்கு இதைப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கும். ஏன் என்ற காரணத்தை மட்டும் படித்துக்கொண்டால் போதும்.

நான்காவது பழைய கட்டடங்களைச் சோதிப்பது. ரீபௌண்ட் ஹேமரால் தட்டி, அல்ட்ராசோனிக் கருவியால் கான்கிரீட்டுக்குள் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் கோர் வெட்டி எடுத்து நசுக்கிப் பார்ப்பது. கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்து விழும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். இதில் ஆள் பற்றாக்குறை உண்டு.

கடைசியில் வருவதுதான் டிசைன் முழுவதையும் முடிவு செய்து கையெழுத்திடுவது. இதற்குப் பட்டமும் வேண்டும், அனுபவ வருடங்களும் வேண்டும், பதிவும் வேண்டும்.

சான்றிதழ் விஷயம்

ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972இலேயே மத்தியச் சட்டம் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. அதனால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைத் தனி வகையாகப் பதிவு செய்யச் சொல்வது முக்கியம். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயரக் கட்டடம். அங்கே கேட்கும் தகுதியும் கூடும்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதினேன். 1920இல் தொடங்கிய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் நடத்தும் தேர்வு அது. எத்தனையோ டிப்ளமோக்காரர்களைப் பொறியாளராக்கிய அந்தக் கதவு இப்போது பாதி சாத்தியிருக்கிறது: 2013 மே 31க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்பதில்லை. தொலைதூரக் கல்வியில் பி.டெக். சிவில் என்று யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள். தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏஐசிடிஇயின் அனுமதியில்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் ஏற்க மறுத்துவிட்டது.

திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்கள் நேரம் அனுசரித்துப் படிக்கும் வகுப்புகளை நடத்த 2023 முதல் ஏஐசிடிஇ கல்லூரிகளுக்கு வழிவிட்டிருக்கிறது. பி.இ. சிவில் கையில் இருந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் பகுதிநேர எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். கணவரை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஏ. லலிதா 1940களில் படித்த கல்லூரி அது. அவர் மின் பொறியாளரானார். அதே காலத்தில் அங்கே சிவில் படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பாடத்தைப் புரிந்துகொள்ளப் பணமே தேவையில்லை. ஐஐடி மெட்ராஸில் பாடம் நடத்திய பேராசிரியர் தேவதாஸ் மேனனின் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் இலவசம். பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு நான் மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன் போட்டுப் பழகினேன். 1930இல் ஹார்டி கிராஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட கைக்கணக்கு முறை; இன்றும் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க உதவுகிறது.

வயது உதவுகிற இடம்

நாங்கள் வேலை செய்யும் பகுதியை முதலில் சொல்கிறேன். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இதற்குள்ளேயும் இதை ஒட்டியும் மண் ஒரே மாதிரி இல்லை. பல்லாவரம், திரிசூலம் பக்கம் தோண்டினால் கருங்கல். கிழக்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை போனால் சதுப்புக் களிமண்; பைல் இறக்காமல் பெரிய கட்டடம் யோசிக்க முடியாது. ‘பக்கத்து வீட்டுக்கு அஞ்சடி எடுத்தாங்க, நமக்கும் அஞ்சடி போதும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. மண் பரிசோதனை செய்தாக வேண்டும்.

முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தும் வழக்கம் பரவியது. ஒரு ஓய்வுபெற்ற பெரியவர் என்னை அழைத்தார். “மூணடி தூக்கிடலாம்னு காண்ட்ராக்டர் சொல்றான்மா. நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லிடு.” செங்கல் சுவர் தாங்கும் வீடு அது. பேஸ்மெண்டில் பீம் ஓடவில்லை. ஒரு மூலையில் சுவர் வெடித்திருந்தது. “சார், இப்ப வேண்டாம். கீழே பீம் கொடுத்துக் கட்டாம ஜாக்கி வெச்சா சுவர் சேர்ந்து ஏறாது” என்றேன். கோபித்துக்கொண்டார். பிறகு பீம் போட்டுத்தான் தூக்கினார்.

இந்த ‘வேண்டாம்’தான் எங்கள் தொழிலில் கடினமான பகுதி. கார் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று பில்லரை எடுக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம், லாரி வந்து நிற்கும் நேரத்தில் கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னால் முறைக்கும் மேஸ்திரியிடம் இதைச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பையன் சொன்னால் “தம்பி, நாங்க முப்பது வருஷமா கட்றோம்” என்று முடித்துவிடுவார்கள். மாமியார், பள்ளிக்கூடம், வங்கி எல்லாவற்றையும் சமாளித்துவிட்டு வந்த நாற்பது வயதுக்காரருக்கு அந்த இடத்தில் குரல் நடுங்குவதில்லை.

குரல் நடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூன் 28 சாட்சி. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது, 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அதிகாரி வந்து பார்ப்பார் என்று இனி காத்திருக்க முடியாது. கம்பியைப் பார்த்துச் சொல்ல ஆள் தேவை கூடியிருக்கிறது.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் புதுப் பட்டதாரியின் சம்பளம்தான் கிடைக்கும்; பழைய வேலையின் சம்பளச் சீட்டை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். நான் இன்றும் பெரிய கட்டடங்களுக்குக் கையெழுத்திடுவதில்லை. எங்கள் சீனியர் இடுகிறார். அவர் இடுவதற்கு முன் கணக்கும் டிராயிங்கும் என் மேசையைக் கடந்தாக வேண்டும். அந்த இடம் எனக்குப் போதும்.

வர நினைப்பவர்கள் மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் தளம் போடப்போகிற வீட்டுக்குப் போய், மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு, கட்டியிருக்கும் கம்பியை நோட்டில் வரையுங்கள். எடையைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு கம்பியும் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் உங்களை விடவில்லை என்றால் தாராளமாக வாருங்கள். வெயிலும் சிமெண்ட் தூசியும் மட்டும்தான் மனதில் நிற்கிறது என்றால், பணமாவது மிச்சம்.