சிவப்பு கேனரி வெளுப்பது ஏன்? வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்!

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவானாலும் சரி, வேறு ஊர்த் திருவிழாவானாலும் சரி, ரோஸ் கலர் கோழிக்குஞ்சைக் கண்டால் குழந்தைகள் விடமாட்டார்கள். அது வெறும் சாயம். புது இறகு முளைத்ததும் போய்விடும். ஆசையாக வாங்கிய சிவப்பு கேனரியும் இறகு உதிர்த்து முளைத்தபின் ஆரஞ்சாக வெளுத்தால், 'இதுவும் சாயம்தானா?' என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், இங்கே காரணம் வேறு.

அசல் நிறம் பச்சை

அட்லான்டிக் பெருங்கடலில் உள்ள கேனரி, மதீரா, அசோர்ஸ் தீவுகள்தான் இந்தக் குருவியின் தாயகம். அங்கே காட்டில் வாழும் கேனரி, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கருங்கோடுகளுடன் இருக்கும். கறுப்பும் பழுப்பும் தரும் மெலனினை அதன் உடலே தயாரிக்கிறது. மஞ்சளுக்கான கரோட்டினாய்டு, உணவிலிருந்து கிடைக்கிறது. வளர்ப்பில் மெலனினை இழந்தவையே நமக்குப் பழக்கமான மஞ்சள் கேனரிகள்.

சிவப்பு வந்த கதை

1920-களில் ஜெர்மனியில், வெனிசுலா பகுதியைச் சேர்ந்த 'ரெட் சிஸ்கின்' என்ற சிவப்புக் குருவியுடன் கேனரியை இணைத்தார்கள். உணவிலுள்ள மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் மரபணு அப்படித்தான் கேனரிக்கு வந்தது. அது எந்த மரபணு என்று விஞ்ஞானிகள் கண்டறிந்தது 2016-ல்.

மரபணு இருந்தால் மட்டும் போதாது. இறகு முளைக்கும் சமயத்தில் கரோட்டினாய்டு உள்ள தீவனம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நிறம் வெளுக்கும். முளைத்து முடிந்த இறகை, அதன்பின் கொடுக்கும் தீவனம் மாற்றாது.

வெள்ளைக்கு வைட்டமின் அவசியம்

வெள்ளை கேனரியில் ஒடுங்கு மரபு, ஓங்கு மரபு என இரண்டு வகைகள் உண்டு. ஒடுங்கு மரபு வெள்ளையால் கரோட்டினாய்டைச் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால் வைட்டமின் ஏ-யைத் தீவனத்தில் நேரடியாகத் தர வேண்டும்.

ஓங்கு மரபு வெள்ளையில் இரண்டை ஜோடி சேர்த்தால், சராசரியாகக் கால் பங்கு குஞ்சுகள் பிழைக்காது. தலையில் கொண்டை உள்ள இரண்டை ஜோடி சேர்த்தாலும் இதே இழப்புதான்.

வாங்கும்போது...

எந்த வகை, பெற்றோர் என்ன நிறம், இதுவரை என்ன தீவனம் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டுக்காக வாங்குபவர்கள் நிறத்தைவிட, ஆணா பெண்ணா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்; நன்றாகப் பாடுவது ஆண்தான்.

கேனரிக்குப் பதிலாக நம்மூர்ப் பச்சைக்கிளியையோ தினைக்குருவியையோ யாராவது கூண்டில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்!