முதலில் அடித்தளம், பிறகு அழகு

சுவர் எழும்பிக் கூரையும் ஏறியபின் ஒவ்வொரு குடும்பத்திலும் எழும் கேள்வி, 'தரைக்கு என்ன போடுவது?' என்பதாகும். பெரும்பாலும் அயல்வீட்டு விறாந்தையே இதற்கு விடையளித்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டு முதல் வடக்கு, கிழக்கில் நடைபெற்ற இந்திய வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கியது. அதற்கு மேலும் நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பல. எனவே தரையைப் பற்றி நாம் நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

தரை பெரும்பாலும் கெடுவது அடியிலிருந்தே. நிரப்பிய மண் இறுகாவிட்டால் எந்த மேற்பூச்சும் வெடிக்கும். அரை அடிக்கு ஒரு படையாக மண்ணைக் கொட்டி, நீர்விட்டு, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து மூன்று அங்குலத்துக்குக் கொங்கிறீற் போட்டால் ஈரமும் உவரும் மேலேறுவது தடுக்கப்படும். கரையோரக் கிராமங்களில் தரையில் வெண்தூள் பூப்பது இந்த உவரினால்தான். ரைல்ஸ் அதனை மறைக்கலாம், நிறுத்தாது.

இனித் தெரிவுகளைப் பார்ப்போம்.

சாணி மெழுகிய மண்தரை குளிர்ச்சியானது, செலவு குறைந்தது. ஆனால் அடிக்கடி மெழுக வேண்டும். அந்த வேலை பெண்கள் தலையிலேயே விழுகிறது.

சீமெந்துத் தரைக்கு, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்து முக்கால் அங்குலம் பூசி, ஈரம் காயுமுன் மினுக்க வேண்டும். சிவப்புத் தூள் சேர்த்தால் அழகும் கிடைக்கும். பின்னர் ஏழு நாட்கள் நனைத்து வைக்க வேண்டும். இந்த ஏழு நாட் பொறுமை இல்லாததாலேயே பல தரைகள் வெடிக்கின்றன.

ரைல்ஸ் துடைப்பதற்கு இலகுவானது. ஆயினும் மினுங்கும் ரைல்ஸ் நனைந்தால் வழுக்கும். முதியோரும் கர்ப்பிணித் தாய்மாரும் உள்ள வீட்டில் விறாந்தைக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பானதையே தெரிவுசெய்யுங்கள். பதித்தபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் சாந்து நிரம்பவில்லை.

இன்று நல்ல சீமெந்துத் தரை போட்டவர், கையில் பணம் சேரும்போது அதனைக் கொத்திச் சொரசொரப்பாக்கி அதன்மேல் ரைல்ஸ் பதிக்கலாம். அதற்கென நிலை வைக்கும்போதே ஓர் அங்குலம் இடம்விடும்படி மேசனிடம் கூறிவையுங்கள்.

கணவனும் மனைவியும் பெரியோரும் ஒன்றாக அமர்ந்து கணக்குப் பார்த்துத் தீர்மானியுங்கள். பிள்ளை தவழவும் முதியவர் விழாமல் நடக்கவும் உதவுவதே நல்ல தரை. கடனில் பதித்த தரையில் பாய் விரித்தால் நித்திரை வராது.