கையெழுத்துக்கு முன் ரத்த உறைவைப் பற்றிக் கேளுங்கள்

வயிற்றுப் பெருந்தமனியின் அகலம் இயல்பாக 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீ.யை எட்டினால் அது அனியூரிசம் எனப்படும் வீக்கம். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தொடும்போது பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வெடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை என்பதால் அந்தப் பரிந்துரையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் குடும்பங்கள் செலவையும் தேதியையும் கேட்கும் அளவுக்கு ரத்தம் உறைவதைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்துகளில் பல அங்கேதான் இருக்கின்றன.

வயிற்றைத் திறந்து செய்யும் முறையில், தமனியை இடுக்கியால் அடைப்பதற்கு முன் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் செலுத்துகிறார்கள். ஓட்டம் தடைபட்ட கால்களில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. அவ்வப்போது சிறிது ரத்தம் எடுத்து, அது உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அளக்கிறார்கள். பிறகு தேவைக்கேற்பப் புரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறிக்கிறார்கள். இதற்கிடையே ரத்த இழப்பு மிகுந்தால், ஈடாக ஏற்றும் திரவமே உறைபொருள்களை நீர்த்துப்போகச் செய்யும். உடல் குளிர்ந்தால் உறைதல் இன்னும் மந்தமாகும். அறுவை முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. ரத்தம் கட்டும் போக்கு கூடி, கட்டியைக் கரைக்கும் திறன் குறைகிறது. கால் சிரையிலோ நுரையீரலிலோ இதயத் தமனியிலோ அடைப்பு வரலாம். தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் பொருத்தும் முறையில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் அதிலும் ஹெப்பாரின் உண்டு, கட்டி அடைக்கும் ஆபத்தும் உண்டு.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பார்கள். நோயாளியின் ஒப்புதல் பற்றிய சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவோடு பதில் சொன்னது: மிக அரிதான ஆபத்துகளை அடுக்க வேண்டியதில்லை, ஆனால் சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும். பெருந்தமனி அறுவையில் ரத்தக்கசிவும் அடைப்பும் அரிதானவை அல்ல. வீக்கம் வெடித்து வருபவரிடம் விளக்க நேரமிருக்காது என்பது உண்மை; அங்கே உயிர் காப்பதே முதல் வேலை. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

ஆகவே கேளுங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளில் எதைத் தொடர்வது, எதை எப்போது நிறுத்துவது? நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ரத்தமும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் தயாராக உள்ளனவா? அறுவைக்குப் பின் கட்டி வராமல் தடுக்க என்ன ஏற்பாடு? பிறகு கால் சில்லிட்டு வெளுத்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, திடீரென மூச்சு திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே சொல்லுங்கள். காத்திருந்தால் காலோ உயிரோ போகலாம்.

விளைவு மோசமானால் அதனாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. முறையான கவனம் தவறியது நிறுவப்பட வேண்டும். அதற்கு ஆவணங்கள் தேவை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் வழக்கு, நடந்த இழப்புக்குப் பின் வருவது. மாத்திரைப் பட்டியலைக் காட்டி முன்கூட்டியே கேட்கும் கேள்விதான் இழப்பையே தடுக்கக்கூடியது. அதை மருத்துவர் மீதான சந்தேகமாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.