முக்குவதிலும் ஒரு பொறுமை

குழந்தை பிறந்து ஆறு மாதமாகியும் ஞாயிறு திருப்பலிக்கு வராத ஓர் இளந்தாயைப் பற்றிப் பங்கில் சிலர் குறைகூறினர். அவள் தாயார் தயங்கித் தயங்கிச் சொன்ன பின்னரே காரணம் விளங்கிற்று. பிரசவத்தில் உண்டான கிழிவு ஆழமாகி, மலவாயைச் சுற்றியுள்ள தசையையும் பாதித்திருந்தது. வாயுவையும் மலத்தையும் அடக்க இயலாத நிலையில் மக்கள் நடுவே அமர அவள் நாணினாள். கணவனுக்குக்கூட முழுவதும் தெரியாது. குருவாகிய நான் இதனை எழுதலாமா என்று ஐயுற்றேன். பின்னர், எழுதாமலிருப்பதே தவறு என்று தோன்றிற்று.

முதற்பேற்றில் சிறு கிழிவு ஏற்படுவது சாதாரணம். அது விரைவில் ஆறிவிடும். ஆழமான கிழிவு சிலருக்கே நேரிடுகிறது. அதனை முற்றிலும் தடுக்க இயலாதாயினும், குறைக்க வழியுண்டு.

"மூச்சைப் பிடி, முக்கு, இன்னும் முக்கு" என்று சுற்றி நின்று அதட்டுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் அளவில் முழுதும் திறந்தபின், முக்கும் உணர்வு பெரும்பாலும் தானாகவே எழும். அவ்வுணர்வின் போக்கிலேயே தாய் முக்கட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரை. முதற்பேற்றில் இக்கட்டம் 3 மணி நேரம் வரை நீளலாம். மல்லாந்து படுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கலாம், முழங்காலிட்டும் இருக்கலாம். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதோ கூடாது.

குழந்தையின் தலை வாயிலில் தெரியும் வேளைதான் மிக முக்கியமானது. அவ்வேளையில் செவிலியர் சொற்படி முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து சிறுசிறு மூச்சாக விடவேண்டும். தலை மெல்ல வெளிப்பட்டால் தசை விரிய அவகாசம் கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் செவிலியர் அவ்விடத்தில் வைத்திருப்பது ஆழமான கிழிவைக் குறைக்கிறது. தலைப்பிள்ளையைச் சுமப்பவர்கள், ஏறத்தாழ 34ஆம் வாரத்திலிருந்து எண்ணெய் தொட்டு அப்பகுதியை நீவிவிடும் முறையையும் மருத்துவரிடம் கேட்டறியலாம். கிழியாதிருக்க எல்லாருக்கும் முன்னதாகவே வெட்டிவிடுவது நல்லதென்று நெடுங்காலம் நம்பினர். அர்ஜென்டினாவில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. தேவை நேர்ந்தால் மட்டுமே வெட்டு.

"நாங்கள் பத்துப் பெறவில்லையா?" என்று கேட்கும் மாமியார்மார் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் இவ்வேதனையை வாய்திறவாமல் சுமந்தனரோ!

பேற்றுக்குப்பின் அடக்க இயலாமை இருப்பின், நாணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. நான் குறிப்பிட்ட அந்தத் தாய் அறுவை சிகிச்சை பெற்றாள். இப்போது கோவிலின் கடைசி வரிசையில், கதவோரமாக, குழந்தையை மடியில் வைத்து அமர்கிறாள்.