ஒரே பாட்டு 18 நிமிடமா? தகிட தகதிமி தெரிந்த காதுக்கு 7 ப்ரோக் ராக் பாடல்கள்

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன் போய்ச் சேர சுமார் ஒரு மணி நேரம். அதில் அரை நிமிட ரீல்ஸ் என்றால் 120 பார்த்துவிடலாம். சினிமா பாட்டு என்றால் 13 கேட்கலாம். ‘யெஸ்’ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ மாதிரியான பாட்டு என்றால் மூன்றுதான். ‘ஜெத்ரோ டல்’ குழு 1972-ல் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ என்றால் ஒன்றே ஒன்று. அந்த ஒரு பாட்டே 43 நிமிடத்துக்கு மேல்!

“இவ்வளவு நேரமா? யாருங்க உட்கார்ந்து கேக்குறது?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்த வகை இசைக்குப் பெயர் ப்ரோக்ரசிவ் ராக், சுருக்கமாக ப்ரோக். ‘ரொம்பக் கஷ்டமான மியூசிக்’, ‘கணக்குப் போட்டுத்தான் கேட்கணும்’ என்றெல்லாம் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் மார்கழிக் கச்சேரியும் திருப்புகழும் காதில் விழுந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதுசே இல்லை. எப்படி? பார்ப்போம்.

ப்ரோக் ராக் என்றால் என்ன?

1960-களின் கடைசியில் பிரிட்டனில் சில ராக் இசைக்குழுக்களுக்கு, மூன்று நிமிடத்தில் முடியும் காதல் பாட்டு போதவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1969 அக்டோபரில் வெளியான ‘கிங் கிரிம்ஸன்’ குழுவின் முதல் ஆல்பத்தைத்தான் பலரும் இதன் தொடக்கப் புள்ளியாகச் சொல்கிறார்கள்.

பாட்டு ஏன் 18 நிமிடம், 20 நிமிடம் என்று நீண்டது? அதற்கு ஒரு காரணம் எல்.பி. ரெக்கார்டு. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் வரை பதிவு செய்யலாம். ‘ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு வைத்தால் என்ன?’ என்று யோசித்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு அடையாளம் தாளம். பெரும்பாலான பாப், ராக் பாடல்கள் 1-2-3-4 என்று நான்கு எண்ணிக்கையில் ஓடும். ப்ரோக் குழுக்கள் 5, 7, 9, 13 என்று போனார்கள். மேற்கில் இதற்கு ‘ஆட் மீட்டர்’ என்று பெயர், அதாவது வழக்கத்துக்கு மாறான தாளம். நமக்கோ 5 என்றால் கண்டம், 7 என்றால் மிஸ்ரம், 9 என்றால் சங்கீர்ணம். வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

இப்போது என் ஹெட்போனில் திரும்பத் திரும்ப ஓடும் 7 பாடல்கள் இதோ. எளிதாகக் கேட்க முடிவதில் ஆரம்பித்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. மணி - பிங்க் ஃப்ளாய்ட் (1973)

கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், சில்லறை விழும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம். இவற்றை டேப்பில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அதையே தாளமாக்கியிருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக 7 வரும். தகிட தகதிமி. நம்ம மிஸ்ர சாபு!

இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’ கிருதியும் மிஸ்ர சாபுதான். செல்வம் சுகம் தருமா, ராமனின் சந்நிதி சுகம் தருமா என்று கேட்கிற கிருதி அது. இந்த ராக் பாட்டு பணத்தாசையைக் கிண்டல் செய்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டுகள், ஆனால் பணத்தைப் பற்றிய கேள்வியை இரண்டுமே 7-ல் கேட்கின்றன.

சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் 7-லேயே போகும். கிடார் வந்ததும் தாளம் 4-க்கு மாறும். அந்த இடத்தில் பாட்டு திடீரென்று கட்டவிழ்ந்து ஓடுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்கத்தான் திரும்பத் திரும்ப இந்தப் பாட்டுக்கு வருகிறேன்.

2. லிவிங் இன் தி பாஸ்ட் - ஜெத்ரோ டல் (1969)

மூன்று நிமிடம் சொச்சம்தான், அதனால் பயப்பட வேண்டாம். இயன் ஆண்டர்சனின் புல்லாங்குழல் முன்னே போக, அடியில் தாளம் 5-ல் ஓடும். ‘மிஷன் இம்பாஸிபிள்’ தீம் இசையும் இதே 5 எண்ணிக்கைதான் என்பதால் சட்டென்று பிடிபடும். நம்ம கண்ட சாபுவின் ‘தக தகிட’ பிரிவோடு இது அப்படியே பொருந்தாது, உள்ளே சொற்கள் வேறு மாதிரி உடையும். ஆனால் ஐந்தாவது அடியில் சுற்று முடிகிற அந்தச் சின்னத் தள்ளாட்டம் ஒன்றுதான். அருணகிரிநாதரின் சந்தங்கள் எத்தனை விதமாகத் துள்ளும் என்பது, குரோம்பேட்டை குமரன் குன்றம் மாதிரி முருகன் கோயில்களில் திருப்புகழ் கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் காதுக்கு இது சர்வ சாதாரணம்.

இந்தக் கணக்கோடு வந்த பாட்டு பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. அதாவது, 5-ல் பாட்டு போட்டால் ஓடாது என்பது பொய்.

3. தனஸ்ரீ தில்லானா - அகம் (2012)

பெங்களூருவைச் சேர்ந்த ‘அகம்’ குழு தன் இசையைக் கர்னாடக ப்ரோக்ரசிவ் ராக் என்றே அழைத்துக்கொள்கிறது. பாடகரும் வயலின் கலைஞருமான ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் இதன் முகம். 19-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னராக இருந்த சுவாதித் திருநாள் இயற்றிய தில்லானாவை, ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ என்ற முதல் ஆல்பத்தில் எடுத்தாண்டார்கள். பரதநாட்டிய மேடையில் ஜதிக்கு ஆடுகிற உருப்படி, இங்கே டிரம்ஸுக்கும் எலெக்ட்ரிக் கிடாருக்கும் ஆடுகிறது.

“கர்னாடக சங்கீதத்துல கிடார் சேர்த்தா ப்ரோக் ஆயிடுமா?” என்று ஒரு விமர்சனம் உண்டு. சும்மா சேர்த்தால் ஆகாது. இங்கே கிடார் வெறும் பின்னணியாக இல்லாமல், பாடகர் விடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறது. அதனால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

4. தி டிரேப்பரி ஃபால்ஸ் - ஓபெத் (2001)

ஸ்வீடனைச் சேர்ந்த ஓபெத், ப்ரோக்கை ஹெவி மெட்டலோடு கலந்த குழு. 2009-ல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் வந்து வாசித்தார்கள். ஐரோப்பிய குழு ஒன்று நம்ம கிண்டி பக்கம் வந்து பத்து நிமிடப் பாடல்களை வாசித்ததைச் சென்னை ராக் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இந்தப் பாட்டு சுமார் 11 நிமிடம். மிகேல் ஆக்கர்ஃபெல்ட் மென்மையாகவும் பாடுவார், அதே பாட்டில் உறுமவும் செய்வார். உறுமல் பிடிக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். அது வந்துபோன பிறகு கேட்கும் அக்கூஸ்டிக் கிடார், மழை விட்ட பிறகு தெரு இருக்கிற மாதிரி இருக்கும்.

5. லேட்டரலஸ் - டூல் (2001)

அமெரிக்கக் குழு டூலின் ஒன்பதரை நிமிடப் பாட்டு. இதன் பல்லவி 9, 8, 7 என்று ஒவ்வொரு அடியாகக் குறைந்து, மறுபடி 9-ல் தொடங்கும். பசுவின் வால் மேலே அகன்று கீழே குறுகுவது போல அளவு குறைந்துகொண்டே வந்தால், அதற்கு நம் ஊரில் ‘கோபுச்ச யதி’ என்று பெயர். முத்துசுவாமி தீட்சிதரின் ‘தியாகராஜ யோக வைபவம்’ கிருதியில் சொற்களே அப்படித்தான் குறையும். டூலின் டிரம்மர் டேனி கேரி தபலா கற்றவர் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

இது மட்டுமில்லை. பாட்டு வரிகளின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று கூடிக்கூடிப் போகும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி 1202-ல் எழுதிய வரிசை இது. ஆனால் இந்திய யாப்பு அறிஞர்கள் அவருக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாத்திரை குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் வைத்து ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணியபோது கிடைத்த வரிசை அது. 12-ம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் அதை எழுதி வைத்தார். ஆக, செய்யுள் கணக்கில் பிறந்த ஒரு வரிசை பல நூற்றாண்டு சுற்றிவிட்டு மறுபடி ஒரு பாட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது.

6. ஸ்டார்லெஸ் - கிங் கிரிம்ஸன் (1974)

12 நிமிடம். முதலில் சோகமான, அழகான ஒரு மெட்டு. நாலரை நிமிடம் வாக்கில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு தாளம் 13-ல் மெதுவாக நடக்க, ராபர்ட் ஃபிரிப் ஏறக்குறைய ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தச் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். நிமிடங்கள் போகும். ‘எப்பதாங்க வெடிக்கும்?’ என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுபோய், ஒருவழியாக வெடிக்கும். கடைசியில் அந்த முதல் மெட்டு திரும்ப வரும்போது, தனி ஆவர்த்தனம் முடிந்து பாடகர் எடுப்பைப் பிடிக்கும் நொடி நினைவுக்கு வரும். அவ்வளவு நேரம் காத்திருந்ததால்தான் அந்தத் திரும்பல் அப்படி இனிக்கிறது. இந்த இடத்தை மட்டும் வெட்டி ரீல்ஸில் போட்டால் ஒன்றுமே இருக்காது.

7. க்ளோஸ் டு தி எட்ஜ் - யெஸ் (1972)

18 நிமிடத்துக்கு மேல். எல்.பி.யின் ஒரு பக்கம் முழுக்க இதுதான். பறவைகள், தண்ணீர் ஓடும் சத்தத்தில் தொடங்கி, நான்கு பகுதிகளாகப் போகும். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலின் பாதிப்பில் உருவான பாட்டு இது. நதிக்கரையில் உண்மையைத் தேடும் ஓர் இந்தியனின் கதை அந்த நாவல்.

ராகம் தானம் பல்லவி கேட்டவர்களுக்கு இதன் அமைப்பு புரியும். ஒரு கருவை எடுத்து, விரித்து, அமைதியாக்கி, மறுபடி வேகமெடுத்து முடிப்பது. மூன்றாம் பகுதியில் ரிக் வேக்மேனின் சர்ச் ஆர்கன் வரும்போது வால்யூமைக் குறைத்துவிடாதீர்கள்.

தமிழில் இப்படி எதுவும் இல்லையா?

நேரடியாக ப்ரோக் ராக் என்று சொல்ல முடியாவிட்டாலும், இதே துணிச்சலோடு ஓர் ஆல்பம் இங்கே வந்திருக்கிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட இசை அது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதன் உயிர். என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்ததுதான் அதன் அழகு. அதற்குப் பத்து வருடம் முன்பே, கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் நம்ம விக்கு விநாயக்ராமின் கடம் உலகம் சுற்றியது. அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவோடு அதே குழு 2024-ல் கிராமி வாங்கியது.

நீளமான பாட்டுக்கு இப்போது என்ன சிக்கல்?

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டாலே அது ஒரு ‘ஸ்ட்ரீம்’. அது 3 நிமிடப் பாட்டாக இருந்தாலும் 20 நிமிடப் பாட்டாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 20 நிமிடப் பாட்டு எழுதுபவர், அதே நேரத்தில் 6 குட்டிப் பாட்டு எழுதினால் ஆறு மடங்கு எண்ணிக்கை கிடைக்க வாய்ப்பு உண்டு. போதாததற்கு, 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம்கூட எட்டாத பாட்டுக்கு 2024 முதல் பணமே கிடையாது. பெரிய குழுக்கள் தப்பித்துக்கொள்ளும். வாடகை வீட்டு மாடியில் ஒத்திகை பார்க்கும் சின்னக் குழுவுக்குத்தான் அடி. ‘இன்ட்ரோவைக் குறை, சீக்கிரம் பல்லவிக்கு வா’ என்ற அழுத்தம் அங்கேதான் விழுகிறது.

ப்ரோக் மீது குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. சில பாட்டுகள் வெறும் வித்தை காட்டல்தான். கணக்கு வழக்கிலேயே கச்சேரியை ஓட்டுகிறார் என்று சபாக்களில் முணுமுணுப்பார்களே, அதே குறைதான் இங்கும். கணக்கு தெரிகிறது, மனசு தெரியவில்லை என்றால் தாராளமாக அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

எப்படிக் கேட்பது?

* ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆப் செட்டிங்ஸில் கிராஸ்ஃபேடும் வேண்டாம். ஒன்றோடு ஒன்று இணையும் பாடல்கள் கெட்டுப்போகும்.
* முதல் தடவை எண்ணாதீர்கள், சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை தொடையில் தாளம் போடுங்கள். 5, 7 எல்லாம் தானாகப் பிடிபடும்.
* ‘மணி’, ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ இரண்டில் தொடங்குங்கள். பிறகு ‘ஸ்டார்லெஸ்’. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ கடைசியில்.
* பைக் ஓட்டும்போது ஹெட்போன் வேண்டவே வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் 13 எண்ணிக்கையைத் தேடாதீர்கள்.

தாளம் நமக்கு ஏற்கெனவே தெரியும். ராகத்தை விரித்துப் பாடினால் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்கும் பழக்கமும் இங்கே உண்டு. ப்ரோக் நம்மிடம் புதிதாகக் கேட்பது, இடையில் நிறுத்தாத 18 நிமிடம் மட்டும்தான். இந்த வாரம் ஒரே ஒரு பாட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.